கோபத்தில் கட்டிய அருவி

கோவர்த்தனன் வாழ்நாளில் எதையும் சந்தோஷத்தில் கட்டியதில்லை. கோபத்தில்தான் கட்டுவார்.

சித்தூர் கட்டமஞ்சியில் அவர் வீட்டுச் சுற்றுச்சுவர், ஒரு ஆட்டின் மேல் வந்த கோபம். மாடிப்படி, ஒரு மேஸ்திரியின் மேல் வந்த கோபம். பாதியில் ஓடிப்போன மேஸ்திரியின் வேலையை அவரே முடித்ததால் கடைசிப் படி மட்டும் மற்றவற்றைவிட உயரம். ஏறுகிறவர்கள் எல்லோரும் அங்கே ஒருமுறை தடுக்கி, முகம் தெரியாத அந்த மேஸ்திரியைத் திட்டிவிட்டுத்தான் மாடிக்குப் போவார்கள். கொல்லையில் இருக்கும் சின்னக் குளம், பல்ப் ஃபாக்டரியின் மேல் வந்த கோபம்.

மாம்பழத்தைக் கூழாக்கி டின்னில் அடைத்துக் கடல் தாண்டி அனுப்பும் ஃபாக்டரி அது. அங்கே ஓடிய மோட்டார்களுக்கெல்லாம் அவர்தான் தாயும் தகப்பனும். ஒரு சீசனில்கூட ஒரு மோட்டார் நின்றதில்லை. அப்படிப்பட்டவரை, வயதாகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக, மாலை போட்டு, ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை கடப்பாறையை எடுத்தார். ஃபாக்டரி முதலாளியின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் குத்தினார். பள்ளம் வெகு சீக்கிரம் ஆழமாகிவிட்டது. சிமெண்ட் பூசினார், தண்ணீர் விட்டார், மீன் விட்டார், தாமரைக் கிழங்கு ஊன்றினார். சாயங்காலங்களில் அந்தக் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், உலகத்தில் தன் பேச்சைக் கேட்பதற்கு இன்னும் ஏதோ ஒன்று மிச்சம் இருப்பதுபோல் அவருக்கு இருந்தது.

அதையும் ஒருவன் வந்து கெடுத்தான். ஹேமநாத். அவர் மனைவி தாட்சாயணியின் தம்பி. திருப்பதியில் மனை வாங்கி விற்கிறவன். போன வருஷம் கங்கம்மா ஜாத்திரைக்கு அக்காளையும் மாமாவையும் அழைக்க வந்தவன், கொல்லைப் பக்கம் போனான். குளத்தைப் பார்த்தான்.

"இன்னா மாமா, தண்ணி இப்டி தூங்கிக்கினு கீது? உங்களோட சேந்து அதுவும் ரிட்டையர் ஆயிடுச்சா?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். அதைக்கூட மன்னித்திருப்பார். பக்கத்தில் நின்ற தாட்சாயணியின் உதட்டோரமும் லேசாக அசைந்தது. அதைத்தான் கோவர்த்தனனால் செரிக்க முடியவில்லை.

"இனி உன் வூட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்," என்றார். "இவளும் மிதிக்க மாட்டா."

அந்த வருஷம் தாட்சாயணி ஜாத்திரைக்குப் போகவில்லை. திருப்பதிக்காரர்களுக்கு அது சாதாரண விஷயமில்லை. மலைமேல் இருக்கும் பெருமாளே கீழே இருக்கும் தன் தங்கை கங்கம்மாவுக்குப் புடவையும் மஞ்சள் குங்குமமும் அனுப்பிவைக்கும் நாட்கள் அவை. பெருமாளே அனுப்பும்போது மனுஷன் சும்மா இருப்பானா? ஹேமநாத்தும் ஒவ்வொரு வருஷமும் அக்காளைக் கூப்பிட்டு, மணையில் உட்காரவைத்து, ஒரு புடவை கொடுப்பான். அவள் வராததால் பஸ்ஸில் பார்சலாக அனுப்பினான். கோவர்த்தனன் அதைப் பிரிக்காமல், அதே பஸ்ஸில், அதே கண்டக்டரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அந்தப் புடவை என்ன நிறம் என்றுகூட தாட்சாயணிக்குத் தெரியாது.

இந்த வருஷம் மாங்காய் லாரிகள் ரோட்டை அடைக்க ஆரம்பித்ததும் அவள் மெதுவாகக் கேட்டாள்.

"இந்த வாட்டியாவது போலாமாங்க?"

"எங்க?"

"எங்கன்னு உங்களுக்குத் தெரியாது?"

"உன் தம்பி வூட்டுக்குத்தானே? அவன் வாசப்படிய தங்கத்துல போட்டாலும் மிதிக்க மாட்டேன்."

"தங்கத்துல போட்டா யாரையும் மிதிக்க வுட மாட்டான். அவனை எனக்குத் தெரியும். சிமெண்ட்டுதான், வாங்க."

ஒரு வருஷமாக ஊறிக்கொண்டிருந்த கோபம் அந்த இடத்தில் பொங்கியது. கோவர்த்தனன் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"தண்ணி தூங்குதுன்னு சொன்னான் இல்ல? எழுப்பறேன். குளத்துக்கு ஃபால்ஸ் கட்டறேன். கல்லு மேல கல்லு வெச்சி, மேலேருந்து தண்ணி தடதடன்னு விழணும். வீடியோ எடுத்து குடும்ப குரூப்ல போடறேன். உன் தம்பி அதைப் பாத்துட்டு சோறு துன்னக் கூடாது!"

"சோறு துன்னலன்னா பிரியாணி துன்னுவான்," என்றாள் தாட்சாயணி.

ஃபாக்டரியின் பழைய இரும்புக் குவியலில் அவருடைய பழைய மோட்டார் ஒன்று கிடந்தது. கூட வேலை பார்த்த ஆளைப் பார்ப்பதுபோல் அது அவரைப் பார்த்தது. அவரும் அதைப் பார்த்தார். இரண்டு பேரையும் ஒரே ஃபாக்டரிதான் வெளியே போட்டிருந்தது. அதை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து குளக்கரையில் இறக்கினார்.

தாட்சாயணி இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். "இவ்ளோ பெரிய மோட்டாரா? குளம் பயந்துக்கப் போவுது."

"கெட்டிக் கூழையே மூணாவது மாடிக்குத் தள்ளின மோட்டாரு இது! வெறும் தண்ணி இதுக்குத் தூசு."

"அதான் எனக்கும் பயமா கீது."

அவருக்குப் புரியவில்லை. வாழ்நாள் முழுவதும் கூழைத் தள்ளினவருக்குத் தண்ணீரின் சுபாவம் மறந்துபோயிருந்தது. கூழ் பிடிவாதக்காரன், பின்னாலிருந்து உதைத்தால்தான் நகரும். தண்ணீருக்கு வழி காட்டினால் போதும். கோவர்த்தனன் உதைத்தார்.

சுவிட்சைப் போட்டதும் குளம் ஒரு முறை விக்கியது. அடுத்த கணம், கல் அடுக்கின் உச்சியிலிருந்து தண்ணீர் விழவில்லை; கிளம்பியது. சுற்றுச்சுவரைத் தாண்டியது. பக்கத்து வீட்டுக் கொல்லையில் வாழைமரத்தடியில் கட்டில் போட்டுத் தெலுங்குப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நாகபூஷணத்தைத் தேடிப்போய் அடித்தது. பேப்பரில் ராசிபலன் பக்கத்தின் மேல் ஒரு மீனும் வந்து விழுந்தது. அவர் ராசியும் மீனம்தான்.

"ஏமண்டி கோவர்த்தனம் காரு!" சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "இது ஃபால்ஸா, ஃபயர் இஞ்சினா?"

மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம். கோவர்த்தனன் கத்தினார். "சுவத்தை ஒட்டிக் கட்டில் போட உங்களை யாரு சார் சொன்னது?"

நாகபூஷணத்தின் மனைவி செல்லியம்மா ஒரு சொம்பில் மீனைப் போட்டுச் சுவருக்கு மேலாகத் தாட்சாயணியிடம் நீட்டினாள். "உன் வூட்டு விருந்தாளி, எடுத்துக்கோ. ஆனா ஒண்ணு தாட்சா, எங்க வாழை வயிறு நெறைய தண்ணி குடிச்சி ரொம்ப நாளாச்சி. இன்னிக்கிதான் குடிச்சிது."

அதற்குப் பிறகு இரண்டு பெண்களும் சுவரோரம் நின்று வெகுநேரம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று கோவர்த்தனன் நினைத்தார். சரியாகத்தான் நினைத்தார்.

பெரிய மோட்டார் மூலைக்குப் போனது. சின்ன மோட்டார் வந்தது. கல் அடுக்கைக் கலைத்து மறுபடி கட்டினார். உச்சியில் வைக்க, தண்ணீர் திரைபோல் வழிந்து விழுவதற்குத் தோதாக, ஒரு தட்டைக்கல் வேண்டியிருந்தது. எங்கெங்கோ தேடினார். கடைசியில் கொல்லைக் குழாயடியில் கண்டுபிடித்தார். தாட்சாயணி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து துணி துவைத்த கல். அவள் கைபட்டுக் கைபட்டு நடுவில் லேசாகக் குழிந்து, ஓரம் வழவழவென்று இருந்தது. அதைவிட நல்ல கல் ஜில்லாவிலேயே கிடைக்காது. அவள் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் பெயர்த்து உச்சியில் வைத்துச் சிமெண்ட் பூசிவிட்டார்.

அவள் வந்து பார்த்தாள். குழாயடியில் கல் இருந்த இடத்தில் ஈரமண்ணும் இரண்டு மண்புழுவும் இருந்தன.

"மிஷின்தான் வாங்கிப் போட்டுக்கீறேனே, அதுல தோயி," என்றார் கோவர்த்தனன், அவள் கேட்பதற்கு முன்னாலேயே.

தாட்சாயணி காலால் மண்ணைத் தள்ளி மண்புழுக்களை மூடினாள். உள்ளே போய்விட்டாள். முப்பது வருஷம் குடும்பம் நடத்தின மனிதன் அதைப் பார்த்ததும் உஷாராகியிருக்க வேண்டும். கோவர்த்தனன் ஆகவில்லை. ரசமட்டம் வைத்துக் கல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை குளத்தை விளிம்பு வரை நிரப்பினார். காலையில் வழக்கம்போல் கட்டமஞ்சி ஏரியைச் சுற்றி நடந்து, டீ குடித்துவிட்டு வந்து, சுபமாக ஆரம்பிப்பது என்று தீர்மானம். வந்தார். சுவிட்சைப் போட்டார். மோட்டார் இருமியது. குழாயில் காற்று வந்தது. எட்டிப் பார்த்தால் குளத்தில் தண்ணீர் பாதிகூட இல்லை.

"தாட்சாயணி! தண்ணி எங்க போச்சி?"

"என்னைக் கேட்டா? நானா குடிச்சேன்?"

விரிசல்தான் என்று முடிவுகட்டினார். மீனையெல்லாம் வாளிக்கு மாற்றி, மிச்சத் தண்ணீரையும் இறைத்துவிட்டுக் குளத்தில் இறங்கினார். விரல் நுனியால் சுவர் முழுக்கத் தடவினார். விரிசல் தெரியவில்லை. தெரியாத விரிசலின் மேல் சிமெண்ட் பூசினார். காய்ந்ததும் நிரப்பினார். மறுநாள் நடந்து, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் தண்ணீர் மறுபடி இறங்கியிருந்தது. மறுபடி பூசினார். மறுபடி இறங்கியது. தாமரை குடிக்கிறது என்றார். வெயில் குடிக்கிறது என்றார். காக்கைகளைத் துரத்தினார்.

கொடுமை என்னவென்றால், கோபப்பட ஆள் இல்லை. சுவர் இடிந்தால் மேஸ்திரியைத் திட்டலாம். மோட்டார் நின்றால் ஃபாக்டரியைத் திட்டலாம். இந்தக் குளத்தைத் தோண்டினவரும் கட்டினவரும் பூசினவரும் கோவர்த்தனன். எந்தப் பக்கம் திரும்பிக் கத்தினாலும் அது அவரிடமே வந்தது. ஆகவே மனைவியிடம் திரும்பினார்.

"நீதான் கண்ணு வெச்சிட்ட!"

"கண்ணு வெக்கறதுக்கு அதுல இன்னா கீது? கல்லு கீது. அதுவும் என் கல்லு."

ஜாத்திரை நெருங்கிக்கொண்டிருந்தது. குடும்ப குரூப்பில் 'விரைவில்' என்று அவர் போட்டிருந்த ஒற்றைச் சொல்லுக்குக் கீழே ஹேமநாத், 'வெயிட்டிங் மாமா' என்று எழுதியிருந்தான். அதைப் படித்த மத்தியானம், தண்ணீரெல்லாம் இறைத்த குளத்துக்குள் கோவர்த்தனன் மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தார். மீசையில் சிமெண்ட். முதுகில் வெயில்.

சுவருக்கு மேல் நாகபூஷணத்தின் தலை எழுந்தது. "கோவர்த்தனம் காரு, இந்தக் குளத்துக்கு அடியில இன்னோர் குளம் உந்தா ஏமி?"

"உங்க வேலையப் பாருங்க சார்!"

"நானும் ரிட்டையர் ஆனவன் கதா. உங்க வேலையப் பாக்கறதுதான் என் வேலை."

தாட்சாயணி மோர் கொண்டுவந்தாள். கரையில் உட்கார்ந்தாள். "நான் ஒண்ணு சொல்லட்டா?"

"சொல்லாதே."

"கங்கம்மாவுக்கு வேண்டிக்கலாம்."

"குளம் ஒழுவறதுக்கும் கங்கம்மாவுக்கும் இன்னாமே சம்மந்தம்?"

"பேரே கங்கம்மா. தண்ணி வேற யாரு டிபார்ட்மெண்ட்டு?" என்றாள். "தண்ணி நின்னு ஃபால்ஸ் விழுந்தா, எங்க வூட்டுக்காரர் ஜாத்திரைல பொம்பள வேஷம் கட்டிக்கினு வந்து உன்னைக் கும்புடுவார்னு வேண்டிக்கட்டுமா?"

திருப்பதியில் அது வழக்கம்தான். வேண்டிக்கொண்ட ஆண்கள் புடவை கட்டி, வளையல் போட்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு தெருவில் நடந்து கங்கம்மா கோயிலுக்குப் போவார்கள். பேங்க் மேனேஜரும் போவார், லாரி டிரைவரும் போவார். யாரும் சிரிக்க மாட்டார்கள், கும்பிடுவார்கள். ஆனால் கோவர்த்தனன் அந்த நிமிஷம் அதையெல்லாம் யோசிக்கவில்லை. கோபம் வந்தால் அவருக்குக் கண் தெரியாது, காது கேட்காது, வாய் மட்டும் நன்றாக வேலை செய்யும்.

"கட்டறேன்!" குளத்துக்குள் எழுந்து நின்று கத்தினார். "புடவை கட்டறேன், வளையல் போட்டுக்கறேன், மூக்குத்தி போட்டுக்கறேன்! உன் தம்பி வூட்லேருந்தே கிளம்பறேன், போதுமா? மொதல்ல தண்ணி நிக்கட்டும்! கங்கம்மா இல்ல, அவளுக்கு அண்ணன் வந்தாலும் இந்தத் தண்ணி நிக்காது!"

நாகபூஷணம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ராமா ராமா! அம்மவாரு வின்டுந்தி. கேட்டுக்கினு இருப்பா சார்!"

"கேக்கட்டும்!"

தாட்சாயணி இடுப்பிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து, ஒரு ரூபாயை வைத்து முடிந்து, கிழக்குப் பார்த்துக் கும்பிட்டாள். துணி ஏற்கெனவே மஞ்சளில் நனைத்து, காயவைத்து, தயாராக எப்படி வந்தது என்று கோவர்த்தனன் கேட்டிருக்க வேண்டும். மோரைக் குடித்தார்.

அன்று மாலை மறுபடி நிரப்பினார். காலையில் நடந்து, டீ குடித்து, வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். குளம் விளிம்பு வரை ததும்பி நின்றது.

சுவிட்சைப் போட்டார். மோட்டார் முனகியது. கல்லுக்குள் ஏதோ ஏறியது. துவைக்கிற கல்லின் வழவழப்பான ஓரத்தில் தண்ணீர் ஒரு கணம் தயங்கி நின்று, பிறகு மெல்லிய துணிபோல் விரிந்து விழுந்தது. தாமரை இலைகள் நடுங்கின. மீன்கள் விழுகிற இடத்துக்குக் கீழே கூடின. ஒரு முழ உயரம்தான். ஆனால் கோவர்த்தனன் நாற்காலியை இழுத்து அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் கொல்லையில் எதுவும் இப்படி ஓடியதில்லை.

எடுத்தார் வீடியோ. போட்டார் குரூப்பில். கைதட்டும் பொம்மைகளாக வந்து குவிந்தன. பெங்களூரிலிருந்து மகள் ஷோபா, 'நைனா சூப்பர்' என்றாள். ஹேமநாத்தும் கைதட்டினான். கோவர்த்தனன் மார்பு புடைக்க உள்ளே வந்தபோது தாட்சாயணி பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கமே?"

"திருப்பதிக்கு. உங்களுக்கு எந்தப் புடவை எடுக்கட்டும்? மெரூனா, பச்சையா?"

அவருக்குப் புரிய சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் வீடு அதிர்ந்தது.

"அது கோவத்துல சொன்னது!"

"கங்கம்மாவும் கோவக்காரிதான். அவளும் கோவத்துலதான் கேட்டுக்கினு இருந்தா."

"போக மாட்டேன்!"

"போவாதீங்க. நாளைக்கு ஒடம்புல ஏதாவது எழும்பினா என்னைக் கேக்காதீங்க."

கொல்லைக்கு ஓடி மோட்டாரை நிறுத்தினார். "விழல பாரு! தண்ணி விழல! வேண்டுதலும் இல்ல!"

"வீடியோல விழுந்துக்கினுதானே கீது," என்றாள் தாட்சாயணி. "உங்க சொந்தம் பூரா பாத்துட்சி."

சுவருக்கு மேல் நாகபூஷணத்தின் தலை எழுந்தது. தன் மாமனார் இப்படித்தான் வேண்டிக்கொண்டு மறந்துபோனதையும், அவருக்கு அம்மை போட்டு மூக்கு நுனியில்கூட இடம் பாக்கி இல்லாமல் போனதையும் விவரமாகச் சொன்னார். கோவர்த்தனன் தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"சரி," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "காலைல போறோம். வேஷம் கட்டறேன், கும்புடறேன், சாயங்கால பஸ்ல திரும்பறோம். உன் தம்பி வூட்டு வாசல்ல நிப்பேன், உள்ள வர மாட்டேன். அவன் வூட்ல ஒரு பருக்கை துன்ன மாட்டேன். தண்ணி பாட்டில்கூட கைல எடுத்துக்கினு வரேன்."

"உங்க இஷ்டம்," என்றாள்.

ஹேமநாத் வீட்டு வாசலில் அந்தத் திட்டத்தில் ஒரு ஓட்டை தெரிந்தது. தெருவில் நின்றுகொண்டு புடவை கட்ட முடியாது. தண்ணி பாட்டிலைக் கையில் பிடித்தபடி, ஒரு வருஷம் மிதிக்காத வாசற்படியை மிதித்தார். அது சிமெண்ட்டுதான்.

உள்ளே ஹேமநாத் மணை போட்டு வைத்திருந்தான். அவனும் புடவையில்தான் இருந்தான். ஒவ்வொரு வருஷமும் கட்டுகிறவன். அக்காளை உட்காரவைத்துத் தாம்பாளத்தை நீட்டினான். தாட்சாயணி புடவையை மடியில் விரித்து, கையால் தடவித் தடவிப் பார்த்தாள். கத்திரிப்பூ நிறம். கண் கலங்கியதை மறைக்கக் குனிந்துகொண்டாள். கோவர்த்தனன் பார்க்காததுபோல் சுவரைப் பார்த்தார். சுவரிலும் ஒன்றும் இல்லை.

பிறகு அவருக்குப் புடவை கட்டினார்கள். மீசைக்கு மேல் மூக்குத்தி ஒட்டினார்கள். "சாயங்காலம் எத்தினி மணிக்குப் பஸ்ஸு?" என்று உறுமினார்.

ஹேமநாத் அவருக்கு வளையல் போடுவதை நிறுத்திவிட்டு அக்காளைப் பார்த்தான். "அக்கா சொல்லலையா மாமா? சாட்டிம்பு போட்டாச்சி. தப்பு அடிச்சி ஊருக்கே சொல்லிட்டாங்க. இனி ஜாத்திரை முடியற வரைக்கும் நம்ம ஜனம் ஊர் எல்லை தாண்டக் கூடாது. அதுவும் வேஷம் கட்டினவங்க தாண்டவே கூடாது. மாடி ரூம்ல உங்களுக்கு ஏசி போட்டு வெச்சிக்கீறேன்."

கோவர்த்தனன் வாயைத் திறந்தார். அதற்குள் வாசலில் போன ஒரு கிழவி உள்ளே வந்து, "அம்மா, தாயே!" என்று அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். திறந்த வாயை மூட வேண்டியதாயிற்று. வேஷத்தில் இருக்கும்போது வாழ்த்தத்தான் வேண்டும், திட்ட முடியாது. வாழ்நாளில் முதல்முறையாக, கோபம் வந்த நேரத்தில் அவர் ஒரு மனுஷியை ஆசீர்வாதம் பண்ணினார்.

கோயில் தெருவில் கூட்டம் நெரிந்தது. முன்னால் தப்பு அடித்துக்கொண்டு போனார்கள். புடவை தடுக்கத் தடுக்க, வேப்பிலையைக் கையில் பிடித்துக்கொண்டு, கோவர்த்தனன் நடந்தார். பக்கத்தில் தாட்சாயணி, கத்திரிப்பூ புடவையில். தோற்றுப்போன மனிதன் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டுமே. அவர் தன் அருவியைப் பிடித்துக்கொண்டார்.

"எது எப்டி போனாலும் சரி," என்றார் மனைவியின் காதருகே, பல்லிடுக்கில். "அந்தத் தண்ணிய விழ வெச்சேன் பாத்தியா? எத்தினி நாள் போராட்டம்! அதை மட்டும் உன் தம்பி இல்ல, எவனாலயும் இல்லேன்னு சொல்ல முடியாது."

தாட்சாயணி நின்று, அவர் தோளிலிருந்து நழுவிய முந்தானையைச் சரிசெய்தாள்.

"விழ வெக்கறது இன்னாங்க பெரிசு?" என்றாள். "நீங்க டீ குடிக்கப் போற நேரமா பாத்து, சுவத்து மேல ஹோஸைப் போட்டு, செல்லியம்மாக்கா அவங்க கொல்லைப் பள்ளத்துல நின்னு வாயால உறிஞ்சி வாழைக்கு இழுத்து வுட்டு, தினமும் அது விழாம பாத்துக்கினோமே, நாங்க ரெண்டு பேரும், அதுதான் கஷ்டம்."